அகரவரிசையில் வந்த முதல் பெயர்

காலையில் கண் விழித்ததும் சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள். சிலர் தங்கள் உள்ளங்கையைப் பார்ப்பார்கள். நான் கைப்பேசியில் என் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்ப்பேன். பல் துலக்குவதற்கு முன்பே பார்த்துவிடுவேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு பழக்கம் இருப்பதை வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மலேசியாவில், இந்த ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தில் என்னைப் போன்ற விரிவுரையாளர்கள் பலர் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மேற்கோள் என்பது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. நான் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவர் தன் கட்டுரையில் ‘இதை இவர் முன்பே சொல்லியிருக்கிறார்’ என்று என் பெயரைக் குறிப்பிட்டால் என் கணக்கில் ஒன்று கூடும். இதை எண்ணிக் காட்டுவதற்கென்றே இணையத்தில் பக்கங்கள் உண்டு. நான் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண் இருக்கும். பல்கலைக்கழகத்தில் என் பதவி, மரியாதை, மேசையின் அகலம் எல்லாமே கடைசியில் அந்த எண்ணில்தான் போய் நிற்கும்.

என் கணவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராக இருக்கிறார். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறவர். ஹெல்மெட் மாட்டும்போது, “இன்னைக்கு எத்தன?” என்று கேட்பார். பாலத்தில் ஜாம் எவ்வளவு என்று கேட்கும் அதே குரல். கூடவில்லை என்று நான் சொன்னால், “நாளைக்கு வரும், லா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆறுதலா கிண்டலா என்று இருபத்தைந்து வருடமாக எனக்குப் பிடிபடவில்லை.

என் துறை இயற்பியல். அதிலும் ஆய்வுக்கூடம் பக்கமே போகாமல் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நுண்துகள்களைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வகை. இருபது வருடத்துக்கு மேலாக மண்டையை உடைத்து எழுதிய கட்டுரைகளுக்கு எதிரே, பார்த்தால் பாவமாக இருக்கும் எண்கள் நிற்கின்றன. அதில் பாதி, பழைய கட்டுரையைப் புதிய கட்டுரையில் நானே குறிப்பிட்டு எனக்கே போட்டுக்கொண்டது. மீதியில் ஒரு பங்கு ஏதோ ஒரு குளிர் தேசத்து மனிதருடையது. நான் எதை எழுதினாலும், அது தவறு என்று சொல்வதற்காகவே என்னைக் குறிப்பிடுவார். ஏசினாலும் மேற்கோள் மேற்கோள்தான். அந்தப் புண்ணியவான் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இதற்கு நடுவே, கல்வி ஆய்வு என்று நான் எழுதிய கட்டுரை ஒன்றே ஒன்று. என் இயற்பியல் கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப் போட்டாலும் அதன் எண்ணைத் தொட முடியாது. நன்றாகப் படித்த பிள்ளைகள் எல்லாம் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க, ஒழுங்காகப் பள்ளிக்கே போகாத கடைக்குட்டி பெரிய கார் வாங்கி வாசலில் நிறுத்தினால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. பெருமை வேண்டிய அளவு இருந்தது, எரிச்சலும் இருந்தது.

அந்தக் கடைக்குட்டி பிறந்த கதை இது. விரிவுரையாளர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு சமூகச் சேவை செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. சக ஊழியர்கள் பலர் கண்டல் செடி நடப் போனார்கள். சேற்றில் இறங்க எனக்கு விருப்பமில்லை. பண்டார் தெங்காராவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அண்டவெளியைப் பற்றிப் பேச ஆள் கேட்டிருந்தார்கள், அதற்குப் பெயர் கொடுத்தேன். கூலாய் தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை, மேலும் செம்பனை, அப்புறமும் செம்பனை என்று ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஒரு மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். கேள்விகள் உண்டா என்றதற்கு, குடிக்க மைலோ எப்போது கொடுப்பீர்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள்.

கூட்டம் முடிந்து சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்திருந்தபோது அறிவியல் ஆசிரியை வந்து எதிரில் உட்கார்ந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சிறியவர். கையில் சிவப்புப் பேனா.

“நல்லாப் பேசுனீங்க டாக்டர். புள்ளைங்களுக்கு ஒன்னும் ஏறல.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு பரிசோதனையின் முடிவைச் சொல்வதுபோல்தான் சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து மூன்று பயிற்சிப் புத்தகங்களை எடுத்துவந்து காட்டினார். அவர் பல வருடமாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். ஒரே கேள்வியை ஒரு பிள்ளையிடம் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை வகுப்பில், பாடநூல் தமிழில். இரண்டாவது தடவை, சில நாள் கழித்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வீட்டில் பேசுகிற மாதிரி சாதாரணமாக.

உதாரணத்துக்கு, பனிக்கட்டியைக் கம்பளி ஆடையில் சுற்றி வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கம்பளி வெப்பத்தை எளிதில் கடத்தாது, ஆகவே பனிக்கட்டி மெதுவாக உருகும் என்று மணிமணியாகச் சொல்லியிருந்தார்கள். அதே பிள்ளைகளிடம் பஸ் நிற்கும் இடத்தில், “ஏய், ஐஸ் கட்டிக்கு ஸ்வெட்டர் போட்டா என்னடா ஆகும்?” என்று கேட்டால், சூட்டில் சீக்கிரம் கரைந்துவிடும் என்று பாதிக்கு மேல் சொல்லியிருந்தார்கள். பரீட்சைக்கு ஒரு பதில், வீட்டுக்கு ஒரு பதில். இரண்டும் ஒரே தலைக்குள் சண்டை போடாமல் குடியிருந்தன. இப்படிப் பல கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளையின் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதி, தேதி போட்டு, கோடு கிழித்து வைத்திருந்தார். இதை அவர் ஆய்வு என்று நினைக்கவே இல்லை. அடுத்த நாள் எதைப் பாடமாக எடுப்பது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் எழுதியிருந்தார்.

நான் அன்றைக்கே இதைக் கட்டுரையாக்கலாம் என்றேன். அதன் பிறகு ஒன்றரை வருடம் இருவரும் உழைத்தோம். மெர்சிங்கில் ஒரு பள்ளியில் வேலை பார்த்த தன் தோழி ஒருவரையும் அவர் சேர்த்துக்கொண்டார். அந்தப் பள்ளியிலும் அதே கேள்விகளைக் கேட்க, விடுப்பு எடுத்துக்கொண்டு தன் காரிலேயே போய் வந்தார். நான் என்ன செய்தேன்? ஆங்கிலத்தில் எழுதினேன், அட்டவணை போட்டேன், ஆய்விதழுக்கு அனுப்பினேன், கட்டுரையைப் படித்துப் பார்த்துக் குறை சொன்ன மதிப்பீட்டாளர்களோடு மூன்று சுற்று மல்லுக்கட்டினேன்.

கடைசியில் ஆய்விதழின் இணையப் பக்கத்தில் கட்டுரையை எழுதியவர்களின் பெயர்களை நிரப்பச் சொன்னார்கள். என் கை தானாகப் போனது. இயற்பியலில் நான் இருக்கும் மூலையில் யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று பார்ப்பதில்லை, பெயர்களை ஆங்கில அகரவரிசையில் போட்டுவிடுவோம். அது எங்கள் வழக்கம், சண்டை வராமல் இருக்கச் செய்து வைத்தது. என் பெயர் முதல் எழுத்தில் தொடங்குகிறது. பள்ளியில் ஊசி போட வந்தாலும் நான்தான் முதல், வாய்மொழித் தேர்வுக்கும் நான்தான் முதல். அந்த எழுத்தால் அதுவரை எனக்கு ஒரு நன்மையும் கிடைத்ததில்லை. மெர்சிங் தோழியின் பெயர் நடுவில் வந்தது. டீச்சரின் பெயர் அகரவரிசையின் கோடியில் இருக்கிறது. அவரைக் கடைசியில் போட்டேன். கட்டுரை வெளியானதும் காட்டினேன், சந்தோஷப்பட்டார். வரிசையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. எங்கெங்கோ இருந்த கல்வியாளர்கள் அதைக் குறிப்பிட்டார்கள். குறிப்பிடும்போது மூன்று பெயரையும் எழுத மாட்டார்கள். என் பெயரை எழுதி, பக்கத்தில் ‘மற்றும் பிறர்’ என்று போடுவார்கள். அந்த மூன்று பயிற்சிப் புத்தகங்களையும் எழுதியவர் ‘பிறர்’ ஆகிவிட்டார்.

ஒருநாள் கல்விப் புலத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தே தாரிக் டீ குடித்துக்கொண்டே என்னைப் பாராட்டினார். முழு ஆய்வையும் நானே செய்திருக்கிறேனே என்று வியந்தார். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர்கள் துறையில் வேலையில் பெரும் பங்கு யாருடையதோ அவர் பெயர்தான் முதலில் வருமாம், கடைசியில் வருபவர் சும்மா கை கொடுத்தவராம். அகரவரிசை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். “ஓ, அப்படியா” என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு இரண்டு வருடம் ஓடியது. அந்த இரண்டு வருடமும் தினமும் காலையில் எண்ணைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. பள்ளி ஆசிரியைக்கு மேற்கோளை வைத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எனக்கோ அது வேண்டியிருந்தது. இணைப் பேராசிரியர் பதவிக்கு இரண்டு தடவை விண்ணப்பித்து இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. மேற்கோள் போதாது என்று சொன்னார்கள். என்னிடம் படித்த பையன் ஒருவன் இணைப் பேராசிரியராகிவிட்டான். கூட்டங்களில் என்னைப் பார்த்தால் எழுந்து, “மேடம், நீங்க முன்னால உக்காருங்க” என்பான். மரியாதையான பையன். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்றாவது தடவை விண்ணப்பித்தேன். இந்தத் தடவை அந்தக் கட்டுரையின் எண் இருக்கிறது, யாரும் அசைக்க முடியாது என்று இருந்தேன். அப்போதுதான் விண்ணப்பத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருப்பதைப் பார்த்தேன். முக்கியமான கட்டுரையில் ஒவ்வொருவரின் பங்கு எத்தனை விழுக்காடு என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பாதிக்கு மேல் பங்கு இருந்தால்தான் அந்தக் கட்டுரை எனக்குப் பயன்படும்.

பென்சிலால் எழுதினேன். எனக்கு எழுபது, டீச்சருக்கு இருபது, தோழிக்குப் பத்து. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எழுபது கொஞ்சம் அதிகமாகப்பட்டது, அறுபது ஆக்கினேன். கூலாயில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஐம்பத்தைந்து. பிறகு செம்பனை மரங்கள் தொடங்கிய இடத்தில் ஓரமாக நிறுத்தி ஐம்பத்தொன்று ஆக்கினேன். அதற்குக் கீழே என் பென்சில் இறங்கவில்லை. அழித்து அழித்து அந்தக் கட்டம் சாம்பல் நிறமாகிவிட்டது.

பள்ளி விட்டிருந்தது. ஆசிரியர் அறையில் டீச்சர் மட்டும் இருந்தார். தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். பென்சிலால் எழுதியிருக்கிறீர்களே என்றார். மாற்றலாம் என்றுதான் என்று இழுத்தேன். அவர் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, வேறொரு விஷயம் சொல்வதுபோலத் தொடங்கினார்.

போன வருடம் அவர் முதுகலை ஆய்வுப் படிப்புக்காகச் சம்பளத்தோடு விடுப்புக் கேட்டு விண்ணப்பித்திருந்தாராம். என்னிடம் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாராம். நேர்முகத் தேர்வில் என்ன ஆய்வு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் எங்கள் கட்டுரையைச் சொன்னாராம். தேர்வுக் குழுவில் ஒருவர் மடிக்கணினியில் அதைத் திறந்து பெயர்களைப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது அந்த டாக்டர், நீங்கள் பிள்ளைகளிடம் பதில்களை வாங்கிக் கொடுத்தீர்கள், அப்படித்தானே என்று கேட்டாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னு சொல்லிட்டேன் டாக்டர்.”

“ஏன் டீச்சர்?”

“பேரு உங்களோடது முன்னால இருக்கு. பெரிய எடத்துல அப்படித்தான் ரூல் போலன்னு நெனச்சேன். இல்லைன்னு சொன்னா, பொய் சொல்றேன்னு நெனச்சிருவாங்க.”

அவருக்கு அது கிடைக்கவில்லை. வயது வரம்பு நெருங்குகிறது, அடுத்த சில மாதங்களில் வரும் தேர்வுதான் கடைசி. இதையெல்லாம் குறையாகச் சொல்லவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி ஒப்பேற்றியிருப்பேன்.

அகரவரிசைக் கதையைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “அப்போ எங்கப்பா எனக்கு வேற பேரு வெச்சிருந்தா, நான் இந்நேரம் படிச்சிக்கிட்டு இருப்பேன்?” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம், என் வாய் நிற்கவில்லை. இரண்டு வருடமாக எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பு நின்றது. மேசையில் இருந்த புத்தகங்களை ஒரு தடவை அடுக்கினார். பிறகு அழிப்பானை எடுத்து, என் ஐம்பத்தொன்றை அவரே அழித்தார்.

அதன் பிறகு நடந்த பேரம் எந்தப் பசாரிலும் நடந்திருக்காது. எனக்குப் பத்து போதும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலம் எழுதியது யார், அந்த மூன்று சுற்றுச் சண்டையைப் போட்டது யார், நீங்கள் சும்மாவா இருந்தீர்கள் என்று சண்டைக்கு வந்தார். பதினைந்து என்றேன். தலையை ஆட்டினார். இருபதில் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

“எவ்வளவு போட்டா உங்களுக்குக் கெடைக்கும்?”

கேட்டால் கொடுத்துவிடுவார் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஐம்பத்தொன்று என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. “முப்பது போடுங்க டீச்சர். அதான் சரி” என்றேன். இதை யாரும் தியாகம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் சொன்ன அந்த ‘ஆமா’வைக் கேட்ட பிறகு வேறு எண்ணை எழுத எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். அவருக்கு அறுபது, தோழிக்குப் பத்து. கையெழுத்தானதும் பள்ளியின் இயந்திரத்தில் ஒரு நகல் எடுத்து, அடுத்த தேர்வுக்குப் போகும்போது இதைக் காட்டுங்கள் என்று அவரிடம் கொடுத்தேன். வரும் வழியில் மெர்சிங்குக்குப் பேசி, தோழியின் கையெழுத்துக்கும் ஏற்பாடு செய்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர், “முப்பதா? அலமாக்” என்று தலையில் கை வைத்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஹெல்மெட் மாட்டும்போது எத்தனை என்றும் கேட்கவில்லை.

என் நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுரைக்கு இவ்வளவு மேற்கோள், உங்கள் பங்கு முப்பதுதானா என்று கேட்டார்கள். மீதியைச் செய்தவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மூன்று பயிற்சிப் புத்தகங்கள், பஸ் நிற்கும் இடம், ஐஸ் கட்டி, ஸ்வெட்டர். எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. கணக்கியல் பேராசிரியர் ஒருவர் ஸ்வெட்டர் போட்டால் சீக்கிரம்தான் கரையும் என்று சொல்லிவிட்டு, மற்ற நால்வரின் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் குடித்தார். கடைசியில் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, “டாக்டர், இன்றைய தேர்வு உங்களுக்கு” என்று மலாய் மொழியில் மெதுவாக நினைவூட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, இல்லை என்று கடிதம் வந்தது. நான் நல்லவள் போல நடந்துகொள்ளவில்லை. காரில் உட்கார்ந்து அழுதேன். அகரவரிசை மேல் கோபம், அந்த விண்ணப்பப் பக்கத்தைக் கண்டுபிடித்தவன் மேல் கோபம், டீச்சர் மேலும் கோபம். ஐம்பத்தொன்றைக் கேட்டு வாங்காத என் வாய்மேல்தான் அதிகமான கோபம். அந்த வாரம் டீச்சர் ஒரு தடவை அழைத்தார், நான் எடுக்கவில்லை.

மறுபடி அவர் அழைத்தது ஒரு மத்தியானம். விரிவுரை முடிந்து அறைக்கு வந்திருந்தேன். எடுத்துவிட்டேன். நேர்முகத் தேர்வு இப்போதுதான் முடிந்தது, காரில் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் இஞ்சினைப் போடவில்லை என்றார். என்ன கேட்டார்கள் என்றேன்.

“போன வருஷம் கேட்ட அதே கேள்விதான். இந்த வேலை யாரோடதுன்னு கேட்டாங்க.”

“அந்தத் தாளைக் காட்டுனீங்களா?”

“காட்டல டாக்டர். பைக்குள்ளயே இருக்கு. என்னோடதுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க.”

எந்தத் தாளுக்காக ஒரு பதவியை விட்டேனோ அந்தத் தாள் ஒரு கைப்பைக்குள் மடித்தபடி கிடந்திருக்கிறது. அதைக் கேட்காமலே எழுதிக்கொண்டார்களாம். சிரிப்பதா, போனைத் தூக்கி எறிவதா என்று தெரியாமல் நின்றேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

“நான் சொன்னது சரிதானே டாக்டர்?”

“சரிதான் டீச்சர். அது உங்களோடதுதான்.”

பிறகு, “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார். சொன்னேன்.